டிஸ்னியின் நாற்காலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பாப் ஐகருக்குப் பிறகு ஜோஷ் டி'அமாரோ தலைமைச் செயல் அதிகாரி ஆகிறார் என்ற அறிவிப்பு 2026 பிப்ரவரி 3-ஆம் தேதி வந்தது. மார்ச் 18-ஆம் தேதி, ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்று பொறுப்பு கைமாறும் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய கம்பெனிக்கு அடுத்த தலைவரைத் தேட இத்தனை வருடமா? ஐகர் ஒரு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தாரே, நடுவில் என்னதான் கோளாறு? – வாசகர், ஈரோடு

பதில்: டிஸ்னியில் ஆட்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. நாற்காலிதான் காலியாகவில்லை.

2005 அக்டோபரில் பொறுப்பேற்ற ஐகர் 2015 மார்ச்சில் இறங்கிவிடுவார் என்று 2011-இல் அறிவித்தார்கள். அந்தத் தேதி 2016 ஜூன், 2018 ஜூன், 2019 ஜூலை, 2021 டிசம்பர் என நான்கு முறை தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் சொன்ன காரணம் கேட்க நியாயமாகவே இருந்தது. கடைசி முறை, ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெரும்பகுதியை வாங்கப்போகிறோம், இணைப்பு முடியும்வரை அவர் இருக்கட்டும் என்றார்கள் (அந்த வியாபாரம் 2019-இல் 7,130 கோடி டாலரில் முடிந்தது). ஆனால் தேதி தள்ளிப்போகப் போக, அடுத்த வரிசையில் நிற்பவர்களின் பொறுமை கரையும். நிதித் துறையில் இருந்த டாம் ஸ்டாக்ஸையும் தீம் பார்க் பிரிவில் இருந்த ஜே ரசூலோவையும் 2010 தொடக்கத்தில் இடம் மாற்றி உட்காரவைத்தார்கள். இருவருக்கும் இரண்டு பக்கமும் தெரியட்டும் என்ற நல்ல பயிற்சிதான் அது. 2015 பிப்ரவரியில் ஸ்டாக்ஸ் தலைமை இயக்க அதிகாரியானார், அதே ஆண்டில் ரசூலோ விலகினார். 2016 ஏப்ரலில், அடுத்த இடம் உறுதியில்லை என்று தெரிந்தபின் ஸ்டாக்ஸும் விலகுவதாக அறிவிப்பு வந்தது. ஐந்தாறு வருடம் பக்குவப்படுத்திய இருவரும் கையை விட்டுப் போனார்கள்.

அதன் பிறகு 2020 பிப்ரவரி 25. தீம் பார்க் பிரிவை நடத்திய பாப் சேபெக் தலைமைச் செயல் அதிகாரி, இன்றிலிருந்தே என்று திடீரென அறிவித்தார்கள். அன்றைய ஏற்பாட்டை வரி வரியாகப் பாருங்கள். ஐகர் நிர்வாக சேர்மனாக 2021 டிசம்பர் வரை, அதாவது 22 மாதம் தொடர்வார். படைப்பு சார்ந்த வேலைகளை அவரே வழிநடத்துவார். சேபெக் பதில் சொல்ல வேண்டியது ஐகருக்கும் இயக்குநர் குழுவுக்கும். அந்தக் குழுவில் சேபெக்குக்கு அன்று இடம்கூட இல்லை, ஏப்ரல் 15-ஆம் தேதிதான் சேர்த்துக்கொண்டார்கள். ஐகர் தன் பழைய அறையைக் காலி செய்யவில்லை என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. மருமகள் கையில் கொத்துச்சாவியைக் கொடுத்துவிட்டு, அரிசி அளப்பதை மட்டும் மாமியார் தன்னிடமே வைத்துக்கொண்டால் அந்த வீட்டுச் சமையல் யார் பொறுப்பு? டிஸ்னியில் அரிசி என்பது படங்களும் தொடர்களும்தான்.

மூன்று வாரத்துக்குள் கொரோனாவால் கலிஃபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் பார்க்குகள் மூடப்பட்டன. அது யார் தவறும் இல்லை. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் சேபெக் செய்த மாற்றம் அவராகவே தேடிக்கொண்டது. அதுவரை ஒரு ஸ்டுடியோவின் தலைவர்தான் எந்தப் படம், எவ்வளவு செலவு, எப்போது வெளியீடு என்று முடிவு செய்வார். லாப நஷ்டக் கணக்கும் அவர் பெயரில்தான் நிற்கும். புதிய ஏற்பாட்டில் படம் எடுப்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். தியேட்டருக்கா, டிஸ்னி பிளஸ் என்ற ஸ்ட்ரீமிங் தளத்துக்கா என்பதையும் லாப நஷ்டத்தையும் கரீம் டேனியல் தலைமையிலான தனி விநியோகப் பிரிவு பார்த்துக்கொள்ளும். எழுதும்போது அழகாக இருக்கும் ஏற்பாடு இது. நடைமுறையில், எடுத்தவருக்கு நஷ்டத்தின் சூடு தெரியாது, விற்றவருக்கு எடுப்பதன் கஷ்டம் தெரியாது. படம் ஓடாவிட்டால் இரண்டு பேரும் அடுத்தவரைக் கைகாட்டலாம். பல வருடம் தங்கள் பட்ஜெட்டைத் தாங்களே பார்த்தவர்கள் மனம் கசந்துபோனார்கள்.

2022 நவம்பர் 8-ஆம் தேதி வந்த காலாண்டுக் கணக்கில் ஸ்ட்ரீமிங் பிரிவின் நஷ்டம் மட்டும் சுமார் 147 கோடி டாலர். நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு சேபெக் விலக்கப்பட்டு ஐகர் திரும்ப அழைக்கப்பட்டார். அடுத்த நாளே கரீம் டேனியல் வெளியேறுகிறார், அந்தப் பிரிவு கலைக்கப்படும் என்று ஐகர் ஊழியர்களுக்கு எழுதினார். இதில் சேபெக்கை விட இயக்குநர் குழுவைத்தான் நான் குறை சொல்வேன். அதே 2022 ஜூனில் அவர் ஒப்பந்தத்தை மூன்று வருடம் நீட்டித்தவர்கள் அவர்கள்தான். ஐந்து மாதத்தில் மனம் மாறுகிறதென்றால், ஜூனில் அவர்கள் எதைப் பார்த்துக் கையெழுத்திட்டார்கள்?

கேள்வி: ஐஸ்னரிடமிருந்து ஐகருக்கு வந்த முதல் மாற்றம் மட்டும் எப்படி நன்றாக அமைந்தது? – வாசகி, கோவை

பதில்: நன்றாக ஆரம்பிக்கவில்லை, நன்றாக முடிந்தது. 2003 நவம்பர் கடைசியில் வால்ட்டின் அண்ணன் மகன் ராய் ஈ. டிஸ்னி இயக்குநர் குழுவிலிருந்து விலகி, அப்போதைய தலைவர் மைக்கேல் ஐஸ்னர் போக வேண்டும் என்று பகிரங்கமாகப் பிரசாரம் தொடங்கினார். 2004 பிப்ரவரியில் காம்காஸ்ட் கேபிள் நிறுவனம் டிஸ்னியை விலைக்குக் கேட்டது. மார்ச் 3-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் பொதுக்கூட்டம். அங்கே எதிர்த்து ஓட்டுப் போட வழியில்லை. ஆதரவு ஓட்டைத் தராமல் நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். அப்படி ஐஸ்னருக்கு நிறுத்திவைக்கப்பட்டவை 40 சதவீதத்துக்கும் மேல். சட்டப்படி அவர் ஜெயித்துவிட்டார். ஆனால் அன்றே சேர்மன் பதவியை அவரிடமிருந்து பிரித்து, முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்சலிடம் கொடுத்தார்கள்.

2005 மார்ச்சில் ஐகர் தேர்வானார். அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஐஸ்னர் காலத்தில் எல்லாப் பிரிவுகளின் முடிவுகளையும் மேலிருந்து சல்லடை போட்டுக்கொண்டிருந்த வியூகத் திட்டப் பிரிவைக் கலைத்தது. முடிவெடுக்கும் உரிமை பிரிவுத் தலைவர்களிடம் திரும்பியது. ராய் ஈ. டிஸ்னியைச் சமாதானப்படுத்தி ஆலோசகராகக் கூட்டிவந்தார். பிக்ஸார் அனிமேஷன் ஸ்டுடியோவை வைத்திருந்த ஸ்டீவ் ஜாப்ஸோடு முறிந்துபோயிருந்த உறவைச் சரிசெய்து, 2006-இல் 740 கோடி டாலருக்கு அதை வாங்கினார்.

இதற்கெல்லாம் அவருக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம், 2005 செப்டம்பர் 30-ஆம் தேதி ஐஸ்னர் முழுசாக வெளியே போனதுதான். முதலில் சொன்ன தேதிக்கு ஒரு வருடம் முன்னதாகவே போனார், இயக்குநர் குழு இடத்தையும் விட்டுவிட்டார். பக்கத்து அறையில் பழைய முதலாளி இருந்திருந்தால், அவர் கட்டிய பிரிவை ஐகர் கலைத்திருக்க முடியுமா? தனக்குக் கிடைத்த இந்த வெற்றிடத்தை ஐகர் 2020-இல் சேபெக்குக்குக் கொடுக்கவில்லை. அவர் சாதனைகளை மதிக்கிற யாருக்கும் இது வருத்தமான விஷயம்.

கேள்வி: டிஸ்னி குடும்பத்து வாரிசுகள் என்ன ஆனார்கள்? நம்ம ஊரில் அப்பாவுக்குப் பிறகு பிள்ளை என்றுதானே வழக்கம்? – வாசகர், கும்பகோணம்

பதில்: அங்கேயும் முதலில் அப்படித்தான். 1923-இல் வால்ட்டும் அண்ணன் ராய் ஓ. டிஸ்னியும் சேர்ந்து தொடங்கியது. தம்பி படைப்பு, அண்ணன் பணம். 1966 டிசம்பர் 15-ஆம் தேதி வால்ட் நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது அண்ணனுக்கு வயது 73. ஓய்வு பெறவிருந்தவர் அதைத் தள்ளிவைத்து, தம்பி கனவு கண்ட ஃப்ளோரிடா பார்க்கைக் கட்டி முடித்தார். அதற்கு ‘வால்ட் டிஸ்னி வேர்ல்ட்’ என்று தம்பியின் முழுப்பெயர் வரவேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். 1971 அக்டோபர் 1-இல் திறந்தார்கள், டிசம்பர் 20-இல் அவரும் போய்விட்டார்.

பணம் பார்த்தவர் இருந்ததால் கம்பெனி பிழைத்தது, படைப்புக்கு யார் என்ற கேள்வி மட்டும் பதினெட்டு வருடம் திறந்தே கிடந்தது. டான் டேட்டம், கார்டு வாக்கர் என வால்ட்டோடு வேலை பார்த்தவர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். ‘வால்ட் இருந்தால் என்ன செய்திருப்பார்’ என்று கேட்டுக் கேட்டே முடிவெடுத்தார்கள். இறந்தவரிடம் அனுமதி கேட்டால் புதிதாக எதற்கும் அனுமதி வராது. 1979-இல் அனிமேட்டர் டான் ப்ளூத் ஒரு கூட்டத்தையே அழைத்துக்கொண்டு வெளியேறினார். 1983-இல் வால்ட்டின் மருமகன் ரான் மில்லர் தலைவரானார். 1984-இல் சால் ஸ்டைன்பெர்க் என்ற பங்குச் சூறையாடி 11 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு மிரட்ட, அவரிடமிருந்து பங்குகளைத் திரும்பப் பெற 32.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அந்த செப்டம்பரில் மில்லர் நீக்கப்பட்டு, பாரமவுண்டிலிருந்து ஐஸ்னரும் வார்னரில் இருந்த ஃப்ராங்க் வெல்ஸும் கொண்டுவரப்பட்டார்கள். அதோடு குடும்ப ஆட்சி முடிந்தது.

குடும்பம் பிடி விடாத கம்பெனிகளும் உண்டு. பாரமவுண்டில் ரெட்ஸ்டோன் குடும்பத்துக்கு மொத்தப் பங்கில் பத்தில் ஒன்று போலத்தான் இருந்தது, ஓட்டுரிமையில் முக்கால் பங்குக்கு மேல். ஓட்டுள்ள பங்கு, ஓட்டில்லாத பங்கு என்று இரண்டு வகை இருப்பதால் இது முடிகிறது. குடும்பத் தலைவர் சம்னர் ரெட்ஸ்டோன், பின்னர் இணைந்து பாரமவுண்ட் ஆன சி.பி.எஸ்., வயாகாம் இரண்டின் நிர்வாக சேர்மன் பதவியையும் விட்டது 2016-இல், 92 வயதில். அதற்குப் பின் வந்த சண்டைகள் வீட்டிலும் கோர்ட்டிலும் நடந்தன, இயக்குநர் குழுவுக்கு அதில் பெரிதாக வேலையே இல்லை. ஃபாக்ஸ் செய்திச் சேனலை வைத்திருக்கும் ரூபர்ட் மர்டாக் குடும்பத்தில், 2025 செப்டம்பரில் மூன்று பிள்ளைகளுக்குச் சுமார் 110 கோடி டாலர் வீதம் கொடுத்து விலக்கிய பிறகே மகன் லாக்லனின் இடம் உறுதியானது.

கேள்வி: அடுத்த தலைவரை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்? இன்டர்வியூ வைப்பார்களா? படிப்படியாகச் சொல்லுங்கள். – எம்.பி.ஏ. மாணவி, திருச்சி

பதில்: வைப்பார்கள். ஆனால் அது கடைசிக் கட்டம். வேலை ஆரம்பிப்பது மூன்றிலிருந்து ஐந்து வருடம் முன்னால்.

முதலில் இயக்குநர் குழுவில் ஒரு துணைக்குழு. இப்போதைய தலைவர் அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது, கேட்டால் கருத்துச் சொல்லலாம். டிஸ்னியில் 2023-இல் இப்படி ஒரு குழு அமைத்தார்கள். 2024 ஆகஸ்டில் மார்கன் ஸ்டான்லி வங்கியை நடத்திய ஜேம்ஸ் கோர்மன் அதன் தலைவரானார். 2025 ஜனவரியிலிருந்து அவரே கம்பெனியின் சேர்மன்.

அடுத்து, பதவிக்கான தேவைப் பட்டியல். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். இப்போதைய தலைவரின் குணங்களையே எழுதி, அவரைப் போல இன்னொருவரைத் தேடுவார்கள். எழுத வேண்டியது அடுத்த ஐந்து வருடத்தில் கம்பெனிக்கு வரப்போகும் வேலையை. டிஸ்னிக்கு அது, கேபிள் டி.வி. வருமானம் தேய்வது, ஸ்ட்ரீமிங்கில் லாபம் காண்பது, பார்க்குகளிலும் கப்பல்களிலும் பத்து வருடத்தில் போடுவதாக 2023-இல் அறிவித்த 6,000 கோடி டாலர்.

பிறகு பெயர்கள். உள்ளே மூன்று நான்கு பேர், வெளியே ஒரு பட்டியல். வெளிப்பட்டியலை, உயர் பதவிக்கு ஆள் தேடித்தரும் நிறுவனம் தயாரிக்கும். வெளி ஆளை எடுக்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் அது தேவை, நம் ஆள் சந்தையில் எந்த உயரத்தில் நிற்கிறார் என்று அளக்க. உள் ஆட்களுக்குப் பழக்கமில்லாத பொறுப்பைக் கொடுத்து 18 மாதமாவது பார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் தெரிவது முன்னவர் விட்டுப்போனதன் பலன்தான். இயக்குநர்கள் ஒவ்வொருவரும் போட்டியாளர்களை, இப்போதைய தலைவர் உடன் இல்லாமல் சந்திக்க வேண்டும். தலைவர் தயாரித்துக் கொடுத்த காட்சியில் மட்டும் பார்த்தால், அவருக்குப் பிடித்தவர்தான் பளிச்சென்று தெரிவார்.

கடைசியாக ஓட்டெடுப்பு, ஒப்பந்தம், அறிவிப்பு. அமெரிக்காவில் நான்கு வேலை நாளுக்குள் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 8-கே படிவத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தின் முக்கிய விவரங்களும் அதில் வந்துவிடும் என்பதால், எந்தப் பத்திரிகைச் செய்தியையும் விட அதைப் படிப்பதே நல்லது. ‘யாருக்குப் பதில் சொல்வார்’, ‘முன்னவர் என்ன பதவியில், எந்தத் தேதி வரை’ என்ற இரண்டு வரிகளை முதலில் தேடுங்கள்.

தோற்றவர்களைத் தக்கவைப்பது இதன் ஒரு பகுதி, பலர் மறப்பதும் அதைத்தான். சேபெக் பெயர் வந்த மூன்று மாதத்துக்குள் டிஸ்னி பிளஸ்ஸைத் தொடங்கிவைத்த கெவின் மேயர் டிக்டாக்குக்குப் போய்விட்டார். கோர்மன் தன் வங்கியில் செய்தது வேறு. 2023-இல் டெட் பிக்கைத் தேர்ந்தெடுத்தபோது, போட்டியில் இருந்த மற்ற இருவரையும் அவருக்கு அடுத்த நிலையில் கூட்டுப் பிரசிடென்ட்களாக வைத்து, மூவருக்கும் ஆளுக்கு 2 கோடி டாலர் சிறப்புப் பங்கு ஊதியமாகக் கொடுத்தார்கள். அப்போது ஒருவரும் போகவில்லை. டிஸ்னியிலும் இந்த முறை டி'அமாரோவோடு போட்டியில் பேசப்பட்ட டேனா வால்டனைப் பிரசிடென்ட், தலைமைப் படைப்பு அதிகாரி என்று புதிய பொறுப்பில் அமர்த்தியிருக்கிறார்கள். கோர்மனின் கைவண்ணம் இதில் தெரிகிறது.

கேள்வி: தலைவர் திடீரென இறந்துவிட்டால்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: அதற்கென்று தனித் திட்டம் இருக்க வேண்டும் என்பது நியூயார்க் பங்குச் சந்தை விதி. அவசர நிலையில் யார் என்பது பற்றி ஒவ்வொரு கம்பெனியின் நிர்வாக நெறிமுறையிலும் கொள்கை இருந்தாக வேண்டும். நடைமுறையில், இன்றிரவே பொறுப்பேற்கக் கூடிய ஒரு பெயரை இயக்குநர் குழு வருடத்துக்கு ஒரு முறையாவது உறுதி செய்துகொள்ளும். பெரும்பாலும் அது நிதி அதிகாரியோ மூத்த இயக்குநர் ஒருவரோதான். நிரந்தர வாரிசும் அவசர வாரிசும் ஒரே ஆளாக இருக்கத் தேவையில்லை.

டிஸ்னி இதை வலிக்க வலிக்கக் கற்றது. 1994 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு. பனிச்சறுக்கு முடித்துத் திரும்பும்போது நெவாடா மலைப் பகுதியில் ஹெலிகாப்டர் விழுந்து ஃப்ராங்க் வெல்ஸ் இறந்தார். பத்து வருடமாக ஐஸ்னரின் இரண்டாம் ஆள், அவர் அதிகமாகப் பாயும்போது பிடித்து நிறுத்தியவரும் அவர்தான். ஸ்டுடியோ தலைவர் ஜெஃப்ரி கட்ஸன்பெர்க் அந்த இடத்தைக் கேட்டார், ஐஸ்னர் தரவில்லை. ஜூலையில் ஐஸ்னருக்கே அவசர இதய அறுவை சிகிச்சை. அப்போதும் அடுத்தது யார் என்று கம்பெனிக்குத் தெரியாது. கட்ஸன்பெர்க் அந்த ஆண்டே விலகி ட்ரீம்வொர்க்ஸ் ஸ்டுடியோவைத் தொடங்கினார். தனக்குச் சேர வேண்டிய போனஸுக்காக வழக்கும் போட்டு, 1999-இல் பெரும் தொகை வாங்கினார்.

கேள்வி: வேலை சரியில்லை என்று அனுப்பப்பட்டவருக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களே, இது என்ன நியாயம்? – வாசகர், சேலம்

பதில்: நியாயமா என்று கேட்டால் என் பதில் ‘இல்லை’. ஏன் நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தில் ‘காரணத்தோடு நீக்கம்’, ‘காரணமின்றி நீக்கம்’ என்று இரண்டு உண்டு. முதலாவது மோசடி, பெரிய ஒழுங்குமீறல் போன்றவற்றுக்கு மட்டும். ‘திறமை போதவில்லை’ என்பது அதில் வராது. ஆகவே சரியாக வேலை செய்யாதவரும் இரண்டாவது வகையில்தான் போவார், மீதிக் காலத்துச் சம்பளமும் பங்குகளும் அவருக்குச் சேரும். சேபெக்குக்கு இப்படிக் கிடைத்தது சுமார் 2 கோடி டாலர்.

மைக்கேல் ஓவிட்ஸ் கதையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. வெல்ஸ் இடத்துக்கு 1995 அக்டோபரில் ஐஸ்னர் கொண்டுவந்த நண்பர், ஹாலிவுட்டின் பெரிய ஏஜென்ட். 14 மாதத்தில் வெளியேறினார், கிடைத்தது ஏறக்குறைய 13 கோடி டாலர். ஒப்பந்தத்தின் கணக்கு அப்படி. சீக்கிரம் அனுப்பப்பட்டால், மீதமிருக்கும் ஆண்டுகளின் தொகையும் 30 லட்சம் பங்கு விருப்பங்களும் (குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) ஒரே தவணையில் கைக்கு வரும். முழுக்காலம் உழைப்பதை விட உடனே போவதே லாபம். பங்குதாரர்கள் அமெரிக்காவின் டெலவேர் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சம்பளக் குழுவுக்கு முழு ஒப்பந்தம் இல்லாமல் சுருக்கக் குறிப்பு மட்டுமே காட்டப்பட்டது உட்படப் பல குறைகளை நீதிமன்றம் கண்டித்தது. ஆனாலும் நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவுக்கு இயக்குநர்கள் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை என்று 2005-இல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு மேல்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகு, ‘எந்த நாளில் விலகினால் எவ்வளவு’ என்ற அட்டவணையைச் சம்பளக் குழு முன்னால் வைத்துத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதை அமெரிக்க வக்கீல்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

கேள்வி: சேபெக்கும் தீம் பார்க்கிலிருந்து வந்தவர், டி'அமாரோவும் அப்படியே. பட்ட இடத்திலேயே மறுபடி படுவார்களோ? – வாசகி, மதுரை

பதில்: பயம் நியாயமானது. ஆனால் தீம் பார்க்கிலிருந்து வருவது குறையில்லை. அண்மைக் கணக்குகளில் டிஸ்னியின் இயக்க லாபத்தில் பாதிக்கு மேல் பார்க்குகள், கப்பல்கள், பொம்மை விற்பனை அடங்கிய பிரிவிலிருந்துதான் வருகிறது. வித்தியாசம் ஏற்பாட்டில் இருக்கிறது.

சேபெக்குக்கு மேலே நிர்வாக சேர்மனாக ஐகர் இருந்தார். டி'அமாரோவுக்கு மேலே சேர்மன் கோர்மன், வெளியிலிருந்து வந்தவர். சேபெக்கிடம் படைப்புப் பொறுப்பு இல்லாமல் இருந்தது, அது மேலே ஐகரிடம் இருந்தது. இப்போது அது டேனா வால்டனிடம், அவர் பதில் சொல்வது டி'அமாரோவுக்கு. அன்று மாற்றம் அறிவித்த நாளிலேயே அமலுக்கு வந்தது, இன்று ஆறு வாரம் இடைவெளி. ஐகர் ஆலோசகராகவும் இயக்குநராகவும் 2026 டிசம்பர் 31 வரை, அதாவது ஒன்பது மாதம் சொச்சம் இருப்பார். அதுகூட நீளம் என்பது என் கருத்து. மூன்று மாதம் போதும். இந்த ஒன்பது மாதத்தில் ஒரு படம் சறுக்கினால், ஊழியர்கள் யார் அறைக்குப் போகிறார்கள் என்பதைக் கவனித்தால் எல்லாம் புரிந்துவிடும்.

கேள்வி: நெட்ஃபிளிக்ஸில் இரண்டு சி.இ.ஓ. இருக்கிறார்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்குமா? – வாசகர், புதுச்சேரி

பதில்: உறையில் தடுப்பு இருந்தால் இருக்கும். ரீட் ஹேஸ்டிங்ஸ் 2020 ஜூலையில் டெட் சரண்டோஸைத் தன்னோடு இணைத் தலைவராக்கினார். இரண்டரை வருடம் சேர்ந்து நடத்திவிட்டு, 2023 ஜனவரியில் தன் இடத்தை கிரெக் பீட்டர்ஸிடம் விட்டார். சரண்டோஸுக்குப் படங்களும் தொடர்களும், பீட்டர்ஸுக்குத் தொழில்நுட்பமும் கட்டணமும் விளம்பரமும். கோடு தெளிவாக இருக்கிறது. பாரமவுண்டில் 2024 ஏப்ரலில் பாப் பாக்கிஷை நீக்கி மூன்று பேரைக் கூட்டாக உட்காரவைத்தது வேறு கதை. கம்பெனி விலை பேசப்பட்டுக்கொண்டிருந்த நேரத்து இடைக்கால ஏற்பாடு அது. 2025 ஆகஸ்டில் ஸ்கைடான்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்ததும், அதன் தலைவர் டேவிட் எலிசன் ஒருவரே பாரமவுண்டின் தலைவரானார்.

கேள்வி: டிஸ்னியில் ஆள் மாறினால் விஜய் டி.வி.யில் எதாவது மாறுமா? – வாசகி, தாம்பரம்

பதில்: நேரடியாக எதுவும் மாறாது. 2024 நவம்பரில், விஜய் டி.வி.யை நடத்திய டிஸ்னியின் ஸ்டாரும் ரிலையன்ஸின் வயாகாம்18-உம் இணைந்தபின், அந்தக் கூட்டு நிறுவனத்தில் டிஸ்னிக்கு 36.84 சதவீதம்தான். கட்டுப்பாடு ரிலையன்ஸிடம். சேர்மன் நீதா அம்பானி, துணைச் சேர்மன் முன்பு ஸ்டார் இந்தியாவை நடத்திய உதய் சங்கர்.

கேள்வி: இந்திய மீடியா கம்பெனி ஒன்றில் கொஞ்சம் பங்கு வைத்திருக்கிறேன். தலைவருக்கு வயதாகிவிட்டது. சின்னப் பங்குதாரர் நான் எதைப் பார்க்க வேண்டும்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, நல்ல கேள்வி. உங்கள் கையில் ஓட்டு இருக்கிறது.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு, சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி வகுத்த விதி 17(4), தலைமைப் பொறுப்புகளுக்கு வாரிசுத் திட்டம் இருப்பதை இயக்குநர் குழு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. விதி 26ஏ படி நிர்வாக இயக்குநர் அல்லது தலைமைச் செயல் அதிகாரி இடம் காலியானால் மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் (அரசு அல்லது ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி தேவைப்பட்டால் ஆறு மாதம்). இடைக்கால ஆளைப் போட்டாலும் நிரந்தர நியமனத்துக்கான விதிகளெல்லாம் அவருக்கும் பொருந்த வேண்டும்.

ஆண்டறிக்கையில் ‘கார்ப்பரேட் கவர்னன்ஸ்’ பகுதிக்குப் போய், நியமன மற்றும் ஊதியக் குழுவைப் பாருங்கள். அந்த ஆண்டில் எத்தனை முறை கூடியது, யார் யார் வந்தார்கள் என்று அட்டவணை இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கூடிய குழு வாரிசு பற்றி ஆழமாகப் பேசியிருக்க வாய்ப்பில்லை. சேர்மனும் நிர்வாக இயக்குநரும் ஒருவரேவா, இயக்குநர் குழுவில் குடும்பத்தார் எத்தனை பேர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நிர்வாக இயக்குநரை ஒரு தடவைக்கு ஐந்து வருடத்துக்கு மேல் நியமிக்க முடியாது. காலம் முடிய ஒரு வருடத்துக்கு முன்பாக மறுநியமனமும் செய்ய முடியாது. 70 வயது தாண்டியவர் என்றால் பொதுவாகச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது, பதிவான ஓட்டில் ஆதரவு எதிர்ப்பைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். தீர்மானத்தோடு வரும் விளக்கக் குறிப்பில், ‘இந்த வயதிலும் இவர் ஏன்’ என்பதற்குக் காரணம் எழுதியிருப்பார்கள். ‘அனுபவமும் வழிகாட்டுதலும்’ என்ற இரண்டு சொல்லோடு முடித்திருந்தால், அடுத்தவர் யார் என்று பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். இப்போது பல கம்பெனிகள் ஆன்லைனில் கூட்டம் நடத்துகின்றன. பேச விரும்புவோர் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், கடைசித் தேதி நோட்டீஸில் இருக்கும். பங்குகளை மின்னணு முறையில் காத்துவைக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். தளத்தில் ஓட்டுப் போடும் ஜன்னல் கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். அதைத் தவறவிட்டால் கூட்டத்தில் கலந்துகொண்டு அங்கேதான் போட முடியும்.